யூமா பள்ளிப் பிள்ளைகள் ஏன் ‘கிரிமினல்ஸ்’?

கேள்வி: என் தங்கை குடும்பம் அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் இருக்கிறது. யூமா என்ற ஊருக்குப் போய்வந்தவள் அங்கே எடுத்த படங்களை அனுப்பியிருந்தாள். ஒரு படத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரே மாதிரி பனியன் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். நெஞ்சில் கொட்டை எழுத்தில் ‘கிரிமினல்ஸ்’ என்று போட்டிருக்கிறது. கூடவே முரட்டு ஆள் ஒருவனின் முகம். விசாரித்தால், அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு அணிப் பெயரே அதுதானாம். தப்புச் செய்த பிள்ளைகளைத் திருத்துகிற பள்ளியா அது? இல்லையென்றால் பெற்றவர்கள் இந்தப் பெயரை எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள்?
— வாசகி ஒருவர், தென்காசி

பதில்: நல்ல கேள்வி, அம்மா. படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகாமல் ஏன் என்று கேட்டீர்கள். உங்கள் கேள்விக்குப் பின்னால் ஒரு சிறைச்சாலை, ஒரு சட்டசபை மசோதா, ஒரு பந்தாட்டம் மூன்றும் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். அது சீர்திருத்தப் பள்ளி அல்ல. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஊர்ப் பிள்ளைகள் படிக்கிற சாதாரண அரசுப் பள்ளி. யூமா என்றாலே சிறை என்று கேட்டுப் பழகியவர்கள் வேறு விதமாகவும் நினைப்பதுண்டு. பழைய கைதிகளின் சந்ததிதான் அங்கே படிக்கிறது என்பார்கள்; கைதிகளும் மாணவர்களும் ஒரே வளாகத்தில் இருந்தார்கள் என்பார்கள். இரண்டும் தவறு. கடைசிக் கைதி வெளியேறியது 1909 செப்டம்பரில். பள்ளிக்கூடம் அந்தச் சிறைக் கட்டடத்துக்குள் போனது அடுத்த ஆண்டு, 1910-இல். கைதியும் மாணவரும் அங்கே ஒருநாள்கூடச் சேர்ந்து இருந்ததில்லை. ஆனாலும் இருவரும் படுத்ததும் படித்ததும் ஒரே சுவர்களுக்குள்தான். பெயரின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அதைச் சொல்வதற்கு முன், அமெரிக்கப் பள்ளிகளில் ‘மாஸ்காட்’ என்று ஒன்று ஏன் இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். மாஸ்காட் என்பது அணியின் அடையாளச் சின்னம். பெயர், படம், ஆட்ட நாளில் அந்த வேடம் போட்டு ஆடுகிறவர் எல்லாம் அதில் அடக்கம். நம் பள்ளிகளில் விளையாட்டு விழா என்றால் பிள்ளைகளைச் சிவப்பு அணி, நீல அணி என்றோ, தலைவர்கள் பெயரிலோ பிரிப்போம். போட்டி பள்ளிக்குள்ளேயே நடக்கும். அமெரிக்கச் சிற்றூர்களில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் ஊருக்கு ஓர் உயர்நிலைப் பள்ளிதான் இருக்கும். அதன் அணிதான் ஊரின் அணி. வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்துக்கு, பள்ளியில் பிள்ளை படிக்காதவர்களும் குடும்பத்தோடு போய் உட்காருவார்கள். அதனால் அணிப் பெயர் ஊருக்கே பட்டப்பெயர் ஆகிவிடுகிறது.

கழுகு, புலி, சிங்கம் என்று வைப்பவர்கள்தான் அதிகம். சில ஊர்கள் மட்டும் தங்கள் பிழைப்பையே பெயராக வைத்துக்கொண்டன. ஆரிகன் மாநிலத்தின் டில்லமூக் பாலாடைக்கட்டிக்குப் பேர்போன ஊர். அதன் பள்ளி அணி ‘சீஸ்மேக்கர்ஸ்’, அதாவது பாலாடைக்கட்டி செய்கிறவர்கள். வாஷிங்டன் மாநிலத்தின் காமஸ் ஊரில் காகித ஆலை, அங்கே ‘பேப்பர்மேக்கர்ஸ்’. இல்லினாயில் ஹூப்ஸ்டன் மக்காச்சோள ஊர். கதிரைக் கையால் வெடுக்கென்று ஒடித்தெடுக்கும் கூலியாளின் பெயரில் ‘கார்ன்ஜெர்க்கர்ஸ்’. உழைப்பைப் பெயராக வைத்தவர்களுக்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. யூமாவின் பெயர் இந்த வரிசையில் சேருமா என்று கேட்டால், சேரும் என்பேன். ஒரு காலத்தில் அந்த ஊருக்குச் சோறு போட்டதில் சிறைக்கும் பங்கு உண்டு.

யூமா அரிசோனாவின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. கொலராடோ ஆற்றில் கீலா ஆறு வந்து சேரும் இடம். அக்கரையில் கலிபோர்னியா, தெற்கே கொஞ்ச தூரத்தில் மெக்சிகோ. வெயிலுக்குப் பேர்போன பாலைவன ஊர். 1875-இல் அரிசோனா இன்னும் மாநிலம் ஆகவில்லை. ‘டெரிட்டரி’யாக, அதாவது மாநிலத் தகுதி பெறாமல் மத்திய அரசின் பொறுப்பில் இருந்த ஆட்சிப் பகுதியாக இருந்தது. அந்தப் பகுதிக்கென்று ஒரு சிறை கட்டப் பணம் ஒதுக்கும் மசோதா அதன் சட்டசபைக்கு வந்தது. சிறை ஃபீனிக்ஸ் நகருக்குத்தான் போவதாக இருந்தது. யூமாவின் உறுப்பினர்கள் ஹோசே மரியா ரெடோண்டோ, ஆர். பி. கெல்லி என்ற இருவர், மசோதாவில் ‘ஃபீனிக்ஸ்’ என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு ‘யூமா’ என்று எழுதிச் சேர்த்துவிட்டார்கள் என்று யூமாவின் வரலாற்றில் சொல்கிறார்கள். சிறை வேண்டும் என்று போட்டி போடுவதா என்று உங்களுக்குத் தோன்றும். அரசுப் பணம் வரும், காவலருக்குச் சம்பளம் வரும், கடைக்காரருக்கு வியாபாரம் வரும். ஒரு சின்ன ஊருக்கு அது ஆலை வந்த மாதிரி. இந்த ஃபீனிக்ஸ் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் திரும்ப வருகிறது.

1876 ஜூலை 1 அன்று முதல் ஏழு கைதிகளை உள்ளே அடைத்தார்கள். அந்த அறைகளைக் கட்டியதும் கைதிகளேதான். ஆற்றை ஒட்டிய குன்றின் மேல் கருங்கல்லும் அடோபியும் கொண்டு எழுப்பிய கட்டடம். அடோபி என்பது சுடாமல் வெயிலில் காயவைத்த மண் செங்கல். ஓர் அறைக்கு ஆறு படுக்கைகள். பட்டை இரும்பைப் பின்னிச் செய்த கதவுகள். கட்டுப்படாதவர்களை அடைக்கக் குன்றைக் குடைந்து செய்த ‘டார்க் செல்’ என்ற இருட்டறை ஒன்று, அதற்குள் ஓர் இரும்புக் கூண்டு.

33 ஆண்டுகளில் 3,069 பேர் அந்த வாசலுக்குள் போனார்கள். அவர்களில் 29 பேர் பெண்கள். 1899-இல் குதிரை வண்டியை மறித்துப் பயணிகளிடம் கொள்ளையடித்து நாடெங்கும் பேசப்பட்ட பேர்ல் ஹார்ட் அந்தப் பெண்களில் ஒருவர். மெக்சிகோவின் சர்வாதிகார ஆட்சியை எதிர்த்துப் பத்திரிகை நடத்திய ரிக்கார்டோ ஃப்ளோரஸ் மாகோன் அங்கே அடைபட்டிருந்தார். மதநம்பிக்கையின்படி ஒன்றுக்கு மேற்பட்ட மனைவிகளை மணந்ததற்காக உள்ளே போன மோர்மன்களும் உண்டு. மோர்மன்கள் என்பவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். கொலைகாரர்களும் இருந்தார்கள். ஆனால் மிக அதிகமான வழக்கு திருட்டுதான். தூக்குத்தண்டனை எதுவும் அங்கே நிறைவேற்றப்படவில்லை; அது அந்தந்த மாவட்ட நிர்வாகத்தின் வேலையாக இருந்தது. இருந்தும் 111 பேர் தண்டனைக் காலத்திலேயே செத்துப்போனார்கள். பெரும்பாலோருக்குக் காசநோய்.

இத்தனைக்கும் அன்றைய அளவில் அது மோசமான சிறையென்று சொல்ல முடியாது. படிப்புச் சொல்லிக் கொடுத்தார்கள். மின்விளக்கு இருந்தது. சிறையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கி ஒரு நூலகம் நடத்தினார்கள். கைதிகளுக்கு இவ்வளவு வசதியா என்று ஊரில் சிலர் முணுமுணுத்ததும் உண்டு. வெளியூர்ப் பத்திரிகைகளோ அதை நரகக்குழி என்றுதான் எழுதின. ‘3:10 டு யூமா’ என்ற ஆங்கிலப் படத்தை 1957-இலும் 2007-இலும் இரண்டு முறை எடுத்தார்கள். அதில் கொள்ளைக்காரனை ஏற்றி அனுப்பப் பார்க்கிற ரயில் இந்தச் சிறைக்குப் போகிற ரயில்தான். வெளியுலகத்துக்கு ஊரும் சிறையும் ஒன்றாகவே தெரிந்தன.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது சிறை நிரம்பி வழிந்தது. குன்றின் மேல் இனிக் கட்ட இடமில்லை. ஃப்ளோரன்ஸ் என்ற ஊரில் புதிய சிறை கட்டி, 1909 செப்டம்பர் 15-க்குள் எல்லோரையும் அங்கே மாற்றிவிட்டார்கள். அந்தச் சிறையையும் கட்டியது கைதிகளே.

இனி பள்ளியின் கதை. யூமாவில் ‘யூனியன் ஹை ஸ்கூல்’ தொடங்கியது அதே காலத்தில்தான். யூனியன் ஹை ஸ்கூல் என்றால் பல தொடக்கப்பள்ளி வட்டாரங்கள் ஒன்றுசேர்ந்து நடத்தும் பொது உயர்நிலைப் பள்ளி. தனித்தனியாக நடத்தப் பிள்ளைகளும் போதாது, வரிப்பணமும் போதாது என்ற இடங்களில் இப்படிச் செய்வார்கள். புதிய பள்ளிக்குத் தகுந்த கட்டடம் இல்லை. ஊரிலோ கல்லால் கட்டிய பெரிய கட்டடம் ஒன்று ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிறது. மேலே சொன்ன வெயிலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்: கனத்த சுவர் உள்ள கட்டடத்தைச் சும்மா விட்டுவைக்க அந்த ஊரால் முடியாது. 1910 முதல் 1914 வரை பள்ளி அங்கே நடந்தது. ‘செல் பிளாக்’ என்ற சிறை அறை வரிசையில் வகுப்புகள். அதன் கூரைமேல் சிறை மருத்துவமனையாக இருந்த கூடத்தில் பள்ளி முழுதும் கூடும் கூட்டங்கள்.

பிள்ளைகளின் இடத்தில் இருந்து இதை நினைத்துப் பார்க்கிறேன். பதினான்கு, பதினைந்து வயது. கணக்கும் வரலாறும் கற்கப் போகும் வழியில் இரும்புக் கதவுகள், காவல் கோபுரம். எங்கே படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு உண்மையான பதில் ஒன்றே ஒன்று: ஜெயிலில்.

அந்த நாலு ஆண்டுகளுக்குள் ஒரு நாள் யூமா அணிக்கும் ஃபீனிக்ஸ் அணிக்கும் ஃபுட்பால் ஆட்டம் நடந்தது. அமெரிக்காவில் ஃபுட்பால் என்பது நம்மூர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி, முட்டி மோதி முன்னேறுகிற ஆட்டம். ஃபீனிக்ஸ் அப்போதே அரிசோனாவின் தலைநகர். அதன் ஃபீனிக்ஸ் யூனியன் பள்ளி 1895-இல் தொடங்கிய பெரிய பள்ளி, அணியின் பெயர் ‘கயோட்டீஸ்’. கயோட்டி என்பது அந்தப் பாலைவனத்தின் ஓநாய்ச் சாதி விலங்கு. யூமாவோ ஏறக்குறைய மூவாயிரம் பேர் வாழ்ந்த ஊர். யார் ஜெயிப்பார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. யூமா ஜெயித்துவிட்டது. ஆத்திரம் தாங்காத ஃபீனிக்ஸ் தரப்பு யூமா பிள்ளைகளைப் பார்த்து ‘கிரிமினல்ஸ்’ என்று கத்தியது. 1875-இல் ஃபீனிக்ஸ் கையிலிருந்து யூமா தட்டிச் சென்ற சிறைச்சாலை, ஃபீனிக்ஸின் வசவாகவே திரும்பி வந்தது.

பெயர் பிறந்தது இப்படித்தான். ஆனால் உங்கள் கேள்வியின் நெஞ்சு இதில் இல்லை என்று நினைக்கிறேன். வசவு எல்லா ஆட்டத்திலும் விழுகிறது. இது மட்டும் ஏன் ஒட்டிக்கொண்டது?

முதல் காரணம், அதில் பாதி உண்மை இருந்தது. அவர்கள் படித்தது சிறையில்தான். இல்லாததைச் சொல்லித் திட்டினால் மறுத்துவிட்டுப் போகலாம். மறுநாள் காலையில் அதே சிறை வாசலுக்குள் நுழையப் போகிற பிள்ளை எதைச் சொல்லி மறுக்கும்?

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது என்பது என் கணிப்பு. அந்த வசவைச் சொன்னவர்கள் தோற்றவர்கள். ஜெயித்த அணி திட்டியிருந்தால் அது காயத்தின் மேல் காயம். தோற்ற அணி திட்டினால் அந்த வார்த்தை ஜெயித்ததற்குச் சாட்சியாகிவிடுகிறது. ‘கிரிமினல்ஸ்’ என்று ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும், ஃபீனிக்ஸையே யூமா அடித்துப்போட்ட கதையும் சேர்ந்து நினைவுக்கு வரும். அப்படிப்பட்ட பெயரை எந்தப் பிள்ளைக்குத்தான் விட்டுவிட மனசு வரும்?

உடனே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் அந்த வார்த்தையைக் கேட்டாலே கைகலப்பு என்ற நிலைதான். நம் கிராமங்களில் ஒரு குடும்பத்துக்கு யாரோ வைத்த பட்டப்பெயர், முதல் தலைமுறையில் சண்டைக்குக் காரணமாக இருந்து, மூன்றாம் தலைமுறையில் கல்யாணப் பத்திரிகையில் ஏறுகிற மாதிரி, இதுவும் மெல்ல மெல்லத்தான் பழகியது. யூமாவில் அவ்வளவு காலம் பிடிக்கவில்லை. 1917-இல் பள்ளி வாரியமே, அதாவது ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிற நிர்வாகக் குழுவே, அதை அதிகாரபூர்வப் பெயராக ஏற்றுக்கொண்டது. பள்ளி அதற்கு முன்பே சிறையை விட்டு வெளியேறியிருந்தது என்பதைக் கவனியுங்கள். கட்டடத்தை விட்ட பிறகும் பெயரை விடவில்லை. மறந்துவிட வசதியான நேரத்தில்தான் அதை எழுத்தில் பதிந்தார்கள்.

அதன் பிறகு பெயரைச் சுற்றி வழக்கங்கள் வளர்ந்தன. செல்லமாகச் சுருக்கி ‘கிரிம்ஸ்’ என்கிறார்கள். உங்கள் தங்கை அனுப்பிய படத்தில் இருக்கும் முரட்டு முகம் பள்ளியின் சின்னம். பழைய காலக் கைதி ஒருவனின் முகம். பனியன், தொப்பி விற்கிற பள்ளிக் கடையின் பெயர் ‘செல் பிளாக்’. பெற்றவர்கள் பொறுத்துக்கொள்வது எப்படி என்று கேட்டீர்கள். அவர்களில் பலர் அதே பள்ளியில் அதே பெயரில் படித்தவர்கள். பாட்டனும் பாட்டியும்கூட அப்படித்தான். மூன்று, நான்கு தலைமுறை போட்டுக் கழற்றிய பனியனில் அந்த வார்த்தையின் பழைய கூர் மழுங்கிப் போயிருக்கிறது.

பெயர் நிலைத்ததற்கு இன்னொரு காரணம், சிறை இன்னும் கண்ணெதிரே நிற்பது. முழுதாக நிற்கவில்லை. 1916-இல் வெள்ளம் வந்து வீடிழந்தவர்கள் அங்கிருந்து கல்லும் மரமும் எடுத்துப்போய்த் தங்கள் வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். 1920-களில் ரயில் பாதைக்காகக் குன்றின் மேற்குப் பாதி போயிற்று. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில், வேலை தேடி ரயிலேறி அலைந்தவர்களும் வீடற்ற குடும்பங்களும் அந்த அறைகளில் தங்கினார்கள். அதற்குப் பிறகுதான் ஊரார் விழித்துக்கொண்டு, மிச்சம் இருந்ததில் அருங்காட்சியகம் வைத்தார்கள். 1961-இல் அது மாநில வரலாற்றுப் பூங்கா ஆனது. 2010-இல் மாநில அரசு பணமில்லை என்று மூடப் பார்த்தபோது யூமா மக்கள் நிதி திரட்டிக் காப்பாற்றினார்கள். தங்கள் பள்ளிப் பெயருக்கு ஆதாரம் அந்தச் சுவர்கள்தான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்படி ஒரு பெயர் சரியா என்றும் நீங்கள் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் இந்த விவாதம் சூடாகவே நடக்கிறது. பூர்வகுடி மக்களின் பெயரையும் உருவத்தையும் சின்னமாக வைத்த பள்ளிகள் பல, அண்மைக் காலத்தில் அவற்றைக் கைவிட்டன. மேய்ன் மாநிலம் 2019-இல் சட்டம் போட்டே அரசுப் பள்ளிகளில் அதைத் தடுத்தது. அது நியாயம் என்பதே என் கருத்து. யாரை நிலத்தை விட்டுத் துரத்தினார்களோ அவர்களையே வேடம் கட்டி ஆடுவது கொடுமை. வாஷிங்டன் மாநிலத்தின் ரிச்லண்ட் பள்ளி அணிக்குப் பெயர் ‘பாம்பர்ஸ்’. அணுகுண்டின் காளான் வடிவப் புகைமேகம் அவர்களுடைய சின்னம். நாகசாகியில் 1945 ஆகஸ்ட் 9 அன்று விழுந்த குண்டுக்கான புளுட்டோனியம் பக்கத்திலுள்ள ஹான்ஃபோர்டில் தயாரானது. ஊரின் உழைப்பு என்று அவர்கள் சொன்னாலும், அந்த மேகத்தின் அடியில் வெந்தவர்களை நினைத்தால் அந்தச் சின்னத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

யூமாவின் கதை வேறு என்று நான் நினைக்கிறேன். அந்தப் பெயர் அடுத்தவர் மேல் வீசியதில்லை. தங்கள் மேல் விழுந்ததைத் தாங்களே எடுத்து அணிந்துகொண்டார்கள். அதனால் யாரும் புண்படவில்லை. ஒன்றை மட்டும் அந்தப் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும். பனியனில் இருக்கும் முகம் கற்பனை உருவமல்ல. காசநோயில் இருமி இருமிச் செத்த திருடனும், மெக்சிகோவின் விடுதலைக்கு எழுதிய பத்திரிகைக்காரனும் அந்த முகத்துக்குள் இருக்கிறார்கள். சிறையின் கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. கற்களைக் குவித்த மேடுகளாகத்தான் அந்தக் கல்லறைகள் கிடக்கின்றன. உங்கள் தங்கை மறுபடி அந்தப் பக்கம் போனால், பள்ளிப் பனியனோடு நிறுத்திவிடாமல் குன்றின் மேலேறி அதையும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. ‘கிரிமினல்ஸ்’ என்று கத்தியவர்களின் ஃபீனிக்ஸ் யூனியன் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. அதன் பழைய கட்டடங்களில் இப்போது ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கயோட்டீஸ் அணி இன்று இல்லை. யூமா பள்ளி அதே பெயரில் இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது.